நண்டின் மீது சுமத்தப்பட்ட குற்றம்

இலண்டனில் வசிக்கும் என் தமக்கையின் மகன் ஒரு நாள் நள்ளிரவில் எனக்கொரு படத்தை அனுப்பியிருந்தான். எனக்கு அது விடியற்காலை. படத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் சட்டைப் பொத்தானை விடச் சற்றே பெரிதான ஒரு நண்டு. கீழே ஒரேயொரு வரி: "கள்ளனைப் பிடிச்சிட்டன் மாமா."

அவனது வீட்டு முன்னறையில் நான்கடி நீளமான கடல்நீர்த் தொட்டியொன்று உண்டு. மீன்களுக்காக மட்டும் வைத்திருக்கும் தொட்டியன்று. முருகைக்கல் வளர்க்கும் தொட்டி. நம் நாட்டில் கல்முருகைகளைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். அவனுடையவை பண்ணையில் ஒரு கிளையை வெட்டி இன்னொன்றாக வளர்த்து விற்கப்பட்டவை. அவற்றுள் மான்கொம்பு போலக் கிளைவிடும் இனமொன்றின் மீது அவனுக்குத் தனிப்பிரியம். பெருவிரல் அளவில் வாங்கிய துண்டைக் கையகலத்துக்கு வளர்த்தெடுக்க அவனுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த முருகையில்தான் சில வாரங்களாக வெண்புள்ளிகள் தோன்றிக்கொண்டிருந்தன. இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது கிளைகளின் இடுக்கில் நண்டு அசைந்திருக்கின்றது. கம்பியால் நெம்பி வெளியே எடுத்து நன்னீரில் போட்டுவிட்டான். கடல் நண்டு நன்னீரில் பிழைக்காது.

பத்து நாட்கள் கழித்து அவனே தொலைபேசியில் அழைத்தான். புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன. "இப்ப ஆரைப் பிடிக்கிறது மாமா?" என்று கேட்டான்.

கலைப்பட்டதாரியான எனக்குக் கடலுயிரியல் தெரியாது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் நீதிமன்றச் செய்திகளையும் பொலிஸ் செய்திகளையும் எழுதியவன் என்ற வகையில் அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமானது. குற்றம் நடந்த இடத்தில் நின்றவன் யார்? அவன்தான் சந்தேகநபர். நண்டு செய்த குற்றம், அகப்பட்டுக்கொண்டது. அதன் பிறகு ஒரு மாத காலம் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசித்ததன் விளைவே இக்கட்டுரை.

முருகைக்கல் என்பது கல்லன்று. உயிருள்ள விலங்குகளின் குடியிருப்பு என்பதை வாசகர்கள் அறிவார்கள். பொலிப்புகள் எனப்படும் நுண்ணிய உடல்கள் தமக்கடியில் சுண்ணாம்பு வன்கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் இழையங்களுக்குள் வாழும் அல்காக்கள் சூரிய ஒளியிலிருந்து உணவு செய்து கொடுக்கின்றன. நிறம் பெரும்பாலும் அந்த அல்காக்களினதும் இழையத்தினதும் நிறமே. இழையம் போய்விட்டால் வெண்ணிற வன்கூடு வெளியே தெரியும். ஆகவே வெள்ளை என்பது ஒரு காயத்தின் நிறம். அந்தக் காயத்தைச் சரியாக வாசித்தால் கடித்தவன் யாரென்று பாதி தெரிந்துவிடும்.

கிளிமீன் கடித்தால் இழையம் மட்டும் போவதில்லை; வன்கூடும் சேர்ந்து பெயர்ந்துவிடும். இரண்டு உளிகளால் கொத்தியது போன்ற தடம் நிற்கும். வண்ணத்துப்பூச்சி மீன் இதற்கு நேர்மாறானது. கூர்வாயால் ஒவ்வொரு பொலிப்பாகக் கொய்துகொண்டு போகும். தடமே இராது. பகலில் முருகைகள் விரியாமல் சுருங்கியே கிடப்பதுதான் அதற்கான அடையாளம். முட்கிரீட நட்சத்திரமீன் தன் இரைப்பையையே வெளியே தள்ளி முருகையின் மீது விரித்துச் செரித்துவிட்டு நகரும். உள்ளங்கை அளவில் பளிச்சென்ற வெண்திட்டு எஞ்சும். ட்ரூபெல்லா என்னும் சிறு நத்தை இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் முருகையின் அடிப்பகுதியில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். தட்டையாகப் படரும் மொண்டிபோரா வகை முருகையை மட்டும் தின்னும் வெண்ணிறமான ஓடில்லாக் கடல்நத்தை ஒன்றுண்டு. அது அரிசிமணி அளவே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதவர்களுக்கு ஆயுள் முழுவதும் அகப்படாது.

என் மருமகனின் முருகையில் இருந்தவை உருண்டையான, ஏறத்தாழ ஒரே அளவான, மிகச் சிறிய வெளிறிய புள்ளிகள். நண்டின் கொடுக்கு அப்படியொரு வட்டத்தை இடுமா என்று அவன் ஒரு கணம் யோசித்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அவன் யோசிக்கவில்லை. நான் அவனைக் குறை கூற மாட்டேன். இறந்த உடலருகே நின்றவனைக் கொலைகாரன் என்று எழுதிய தலைப்புகளை நானும் அந்தக் காலத்தில் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கின்றேன்.

தொட்டி வளர்ப்போரிடையே இந்தத் தவறு மிகச் சாதாரணமானது. உடலெங்கும் முட்போன்ற மயிர்களையுடைய புழுக்கள் தொட்டிக் கற்களுக்குள் வாழ்கின்றன. ஒரு முருகை இறந்தவுடன் அவை அதன்மேல் மொய்க்கும். அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர் காண்பது அந்தக் காட்சியைத்தான். உடனே தீர்ப்பும் வந்துவிடும். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை செத்ததைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்குபவை. அவை வந்தது மரணத்துக்குப் பிறகு. அதே இனக்குழுவில் உயிருள்ள முருகையைத் தின்னும் நெருப்புப்புழுவும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். அத்திலாந்திக், மத்தியதரைக் கடல்களில் வாழும் அந்த ஒன்று செய்யும் வேலைக்காக அதன் சாயல் கொண்ட அத்தனை பேரும் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்படுகின்றனர். இது எங்கோ கேட்ட கதைபோல இருக்கின்றதல்லவா?

மறுபுறத்தில், பகலில் யாருமே காணாத ஒருவன் உண்மையான குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் நியூகீ என்னும் கடற்கரை நகரிலுள்ள கடலுயிர்க் காட்சியகத்தில் நடந்த சம்பவம் அப்போது உலகெங்கும் செய்தியானது. அங்குள்ள காட்சித் தொட்டியொன்றில் முருகைகள் சேதமடைந்தன, சில வெட்டியது போலத் துண்டாகிக் கிடந்தன, மீன்களும் காயப்பட்டன. ஊழியர்கள் இரவில் இரை வைத்துப் பொறிகளை இறக்கினார்கள், பொறிகளே பிய்க்கப்பட்டிருந்தன. வேறு வழியின்றித் தொட்டியைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். கடைசியில் ஒரு கல்லுக்குள்ளிருந்து வெளிப்பட்டது நான்கடி நீளமான ஒரு கடற்புழு. சிறு குஞ்சாக இருந்தபோது கற்களோடோ முருகைகளோடோ ஒளிந்து வந்து உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களது கணிப்பு. அதற்கு அவர்கள் 'பரி' என்று பெயரும் வைத்துத் தனித் தொட்டியொன்றில் குடியேற்றினார்கள். செய்தியை வாசித்தவர்கள் புழுவின் நீளத்தைத்தான் வியந்தார்கள். என்னைக் கவர்ந்ததோ வேறு. அந்த ஊழியர்கள் தொட்டியிலிருந்த ஏனைய பிராணிகளை ஒவ்வொன்றாகக் கொன்று பார்க்கவில்லை. பொறி வைத்தார்கள், பொறி தோற்றபோது கற்களைப் பிரித்தார்கள். குற்றவாளியைக் கண்ட பின்னரும் கொல்லவில்லை.

நண்டின் வழக்குக்குத் திரும்புவோம். கிளை முருகைகளின் இடுக்குகளில் வாழும் அந்தச் சிறு நண்டுக் குடும்பத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே எழுதி வந்திருக்கின்றனர். பீற்றர் கிளின் என்னும் அறிஞர் 1970களில் பனாமாவின் பசிபிக் கரையில் ஒரு காட்சியைப் பதிவு செய்தார். முட்கிரீட நட்சத்திரமீன் முருகையின் மீது ஏற முயலும்போது உள்ளிருக்கும் நண்டுகள் வெளியே வந்து அதன் முட்களையும் குழாய்க் கால்களையும் கிள்ளி விரட்டுகின்றன. கூடவே வாழும் ஓர் இறாலும் இந்தக் காவலில் சேர்ந்துகொள்கிறது. நண்டு உண்பது பெரும்பாலும் முருகை சுரக்கும் சளியையும் அதில் ஒட்டியவற்றையும். வாடகைக்கு இருப்பவன் காவலும் பார்க்கின்றான் என்று சொல்லலாம்.

இதைவிட அழுத்தமான சான்று 2006இல் வெளியானது. பிரெஞ்சு பொலினீசியாவின் மூரியா தீவில், வண்டல் அதிகம் படியும் கற்பாறைத் தொடரொன்றில், இரண்டு கிளை முருகை இனங்களில் சில துண்டுகளிலிருந்து நண்டுகளை அகற்றியும் சிலவற்றில் விட்டுவைத்தும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நண்டு அகற்றப்பட்டவற்றில் 45 முதல் 80 சதவீதம் வரையானவை ஒரு மாதத்துக்குள்ளாகவே இறந்துவிட்டன. நண்டு இருந்தவை யாவும் உயிர் பிழைத்தன. நண்டுகள் முருகையின் மேல் படியும் வண்டலை ஓயாமல் அகற்றிக்கொண்டிருந்தமையே காரணம். என் மருமகன் நன்னீரில் போட்டது அந்த முருகையின் காவற்காரனையும் கூட்டுபவனையும். இதை அவனுக்கு வாசித்துக் காட்டியபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

இதனால் எல்லா நண்டுகளும் சாதுக்கள் என்று நான் வாதாடவில்லை. தொட்டியில் வளரும் நண்டுகளில் முருகையைக் கடிப்பவையும் மீனைப் பிடிப்பவையும் உள்ளன. நான் சொல்வது விசாரணையைப் பற்றி.

விசாரணை என்றால் எப்படி? முதலாவது, இரவு. முருகை தின்னிகளில் பல இரவில்தான் வெளிக்கிளம்புகின்றன. விளக்கணைத்து ஓரிரு மணித்தியாலங்கள் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடலின் முதுகெலும்பில்லாப் பிராணிகளிற் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பொளி சரியாகத் தெரிவதில்லை என்பதால் அவை ஓடி ஒளியமாட்டா. பார்த்ததைக் குறித்துவைக்க வேண்டும், நாள் நேரத்தோடு. ஒவ்வொரு நாளும் காயத்தை ஒரே இடத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். இரண்டாவது, விளக்கமறியல். சந்தேகநபரைக் கொல்லாமல் தனிக் கிண்ணத்தில் வைத்து, அதே முருகையின் சிறு துண்டொன்றைக் கூட வைத்துப் பார்க்கலாம். ஆனால் பட்டினியில் எதையும் தின்பவை உண்டு. எனவே அந்தச் சாட்சியம் மட்டும் போதாது. சந்தேகநபர் வெளியே இருக்கும் காலத்தில் தொட்டியில் புதிய காயம் தோன்றுகிறதா என்பதே முக்கியம். தோன்றினால் வழக்கு தள்ளுபடி. என் மருமகனுக்குப் பத்து நாட்களில் கிடைத்த பதில் அதுதான். தீர்ப்பு முதலில், விசாரணை பின்னர் என்று ஆகிவிட்டது, அவ்வளவே.

மூன்றாவது, கடித்தவன் ஒருவனும் இல்லாமல் இருக்கலாம் என்ற நினைப்பு. நீரின் காரத்தன்மையோ வெப்பமோ திடீரென ஏறி இறங்கினாலும் இழையம் உரியும். பக்கத்து முருகையும் கொல்லும். கலக்சியா என்னும் இனம் பகலில் அழகிய பூச்செண்டு போல இருக்கும். இரவில் தன் உடலின் பலமடங்கு நீளமான கொட்டும் உணர்கொம்புகளை நீட்டி அயலவரைச் சுட்டுவிடும். வேலிச் சண்டை யாழ்ப்பாணத்தவருக்கு மட்டும் உரியதன்று. காலையில் எழுந்து பார்ப்பவருக்குக் காயம் தெரியும், கை தெரியாது.

அவன் தேடியவன் கடைசியில் ஒரு வாளிக்குள் அகப்பட்டான். நண்பரொருவர் சொன்னபடி முருகையை வெளியே எடுத்து, கடல்நீர் நிறைந்த வெள்ளை வாளியில் வைத்து, சிறு பம்பியால் நீரைக் கிளைகளின் மீது பீச்சியடித்தான். கண்ணாடி போன்ற மெல்லிய துணுக்குகள் சில உதிர்ந்து அடியில் ஊர்ந்தன. தட்டைப்புழுக்கள். அதுவரை அவை அவன் கண்ணெதிரேதான் இருந்திருக்கின்றன. தின்ற முருகையின் நிறமும் அல்காக்களும் குடலில் தெரிவதால், முருகையின் மேல் படுத்திருக்கும்போது அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம். கிளையின் அடிப்பக்கத்து வெற்று வன்கூட்டில் அவற்றின் முட்டைகள் பழுப்பு நிறத் திட்டுகளாக ஒட்டியிருந்தன.

இந்தப் புழுவின் வரலாறும் விசித்திரமானது. தொட்டி வளர்ப்போர் அதனைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும், அறிவியற் பெயர் கிடைத்தது 2011இல்தான். அதுவும் தொட்டிகளிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளை வைத்து. கடலில் அதனைக் கண்டதாக முதல் அறிக்கை அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புக் கற்பாறைத் தொடரிலிருந்து வந்தது. கடலில் அது அரிதாகத் தெரிவதற்கும் தொட்டியில் பெருகுவதற்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள். கடலில் அதனைத் தின்பவர்கள் உண்டு. தொட்டியில் நாம் அவர்களைச் சேர்க்கவில்லை. அல்லது சேர்த்தும் சந்தேகப்பட்டு அகற்றிவிட்டோம். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஆறு கோடுகள் கொண்ட சிறு மீனொன்றும் ஒருவகை இறாலும் இந்தப் புழுக்களைக் கணிசமாகக் குறைத்துவிடுகின்றன. மருந்து நீரில் முக்கினால் புழுக்கள் உதிரும். முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே முட்டை பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு மீண்டும் மீண்டும் முக்க வேண்டும். அவன் அந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டான். முருகையின் ஒரு பாதி மிஞ்சியது.

ஒரு வீட்டுத் தொட்டிக்காக ஒரு பத்திரிகைக்காரன் இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அந்தத் தொட்டியின் ஒரு மூலை நம் கரையோடு தொடுத்திருக்கின்றது. இலங்கை நெடுங்காலமாக அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடு. நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்ப்பவை. கடல் மீன்கள் பெரும்பாலும் சுழியோடிகள் உயிரைப் பணயம் வைத்துக் கற்பாறைகளில் பிடிப்பவை. வண்ணத்துப்பூச்சி மீன்களும் அவற்றுள் அடக்கம். அந்த மீன்களுள் சில இனங்கள் முருகைப் பொலிப்பைத் தவிர வேறெதனையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முருகையில்லாத தொட்டியில் விட்டால் அழகாக நீந்திக்கொண்டே சில வாரங்களில் பட்டினியால் சாகும். முருகையுள்ள தொட்டியில் விட்டால் முருகையைத் தின்னும்; உடனே 'நாசகாரி' என்ற பெயரும் கிடைக்கும். அது தன் உணவை உண்டது. அந்த மீன் என்ன தின்னும் என்று விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்துப்படி, பொலிப்பை மட்டுமே உண்ணும் இனங்களை வீட்டுத் தொட்டிக்காகப் பிடிப்பதும் ஏற்றுவதும் அடியோடு நிறுத்தப்பட வேண்டும். சுழியோடியின் வயிற்றில் இதனால் பெரிதாக அடிவிழாது. பிடிப்பதற்கு வேறு மீன்கள் இருக்கின்றன.

நம் கடலிலும் இதே விசாரணைக் குறைபாடு உண்டு. முட்கிரீட நட்சத்திரமீன் நம் கிழக்குக் கடலில் முருகைகளை அழிப்பதாக 1970களின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கின்றது. அது தின்பது உண்மை. அளவுமீறிப் பெருகும் காலத்தில் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அது ஏன் பெருகுகிறது என்ற கேள்வி வரும்போது கரையிலிருந்து கடலுக்கு இறங்கும் கழிவும் உரமும், அதனைத் தின்னும் பெருஞ்சங்கை அலங்காரப் பொருளாக விற்றுத் தீர்த்ததும் ஆய்வாளர்களின் பட்டியலில் வருகின்றன. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள கற்பாறைத் தொடரிலும் முருகைகள் வெளிறி மாண்டபோது எந்தப் பிராணியும் கடிக்கவில்லை, கடல் சூடேறியது. தெற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல்லை அலவாங்கால் பெயர்த்தவர்களுக்கு முட்கள் இருக்கவில்லை. அதனைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 1988இல் வந்தது. பெயர்ப்பது அதன் பின்னரும் தொடர்ந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது, முருகைகள் அகற்றப்பட்டிருந்த பேரலியவில் அலை உயர்ந்தும் ஆழமாகவும் உட்புகுந்ததையும், சில கிலோமீற்றர் தள்ளி முருகைகள் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அது தணிந்திருந்ததையும் பின்னர் சென்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டு எழுதினார்கள்.

நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலை 2003இலிருந்து தேசிய பூங்கா. அங்கு ஒரு விடுமுறை நாளில் நான் கண்டது: இடுப்பளவு நீரில் இறப்பர்ச் செருப்புகளோடு சிலர் முருகைகளின் மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கறுத்த முட்களையுடைய கடல் முள்ளெலி ஒன்றைத் தன் பிள்ளைக்குக் காட்டி, "அதுக்குக் கிட்டப் போகாத, அதுதான் இதெல்லாத்தையும் நாசமாக்குறது" என்றார். முள்ளெலி முருகையை மூடும் அல்காவை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் காலடியில் ஒரு கிளை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

சென்ற மாதம் மருமகன் மீண்டும் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வாங்கிய முருகைத் துண்டொன்றின் இடுக்கில் இரண்டு சிறு கண்கள். இம்முறை கீழே எழுதியிருந்தது வேறு: "ஆள் வந்திருக்கிறார் மாமா. ஒண்டும் செய்யேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."